இரண்டு நாள் காய்ச்சல்

பெனடிக்ட் சேர் இறந்த செய்தி வந்தபோது நான் பதுளை பஸ் நிலையத்தில், லுணுகலை பஸ்ஸுக்குள் உட்கார்ந்திருந்தேன். எங்கள் பாடசாலை ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் இப்போதைய அதிபர் ஆங்கிலத்தில் நாலு வரி போட்டிருந்தார். நேற்று மாலை என்பதற்கு 'ஒன் யெஸ்டர்டே ஈவினிங்' என்று எழுதியிருந்தார். யெஸ்டர்டேக்கு முன்னால் 'ஒன்' (on) வராதே என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. ஒரு மனிதர் செத்துப்போயிருக்கிறார். என்ன வருத்தம் வந்து இறந்தார், கடைசியில் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேட்க வேண்டிய நேரத்தில் நான் அந்த 'ஒன்'னையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெனடிக்ட் சேர் என்னை அப்படி ஆக்கி வைத்திருந்தார். பஸ் பசறையைத் தாண்டும்வரை எனக்குக் கண்ணீர் வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் அதிபர் போன் எடுத்தார். பழைய ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு நினைவு மலர் போடுகிறார்களாம். பெனடிக்ட் சேரோடு அதிக காலம் வேலை செய்தவள் நான்தானாம். இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டுமாம்.

"எனக்கு அவரப் புடிக்காதுன்னு ஒங்களுக்குத் தெரியுந்தானே சேர்," என்றேன்.

"தெரியும் டீச்சர். நல்லதா நாலு வார்த்த எழுதுங்க. மத்தத விட்டுருங்க."

"பொய் எழுத எனக்கு வராதே."

"அப்ப உண்மையக் கொஞ்சமா எழுதுங்க," என்று சிரித்தார்.

கொஞ்சமாக எழுத எனக்குத் தெரியவில்லை. அச்சில் போடுவதும் போடாததும் அவர் பாடு.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அந்தப் பலகையை நான் ஞாபகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பாடசாலை லுணுகலைக்கு மேலே தேயிலைத் தோட்டம் ஒன்றின் நடுவில் இருக்கிறது. படிக்கிறவர்கள் அநேகமாக எல்லாரும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், லயத்தில், இருக்கிற பிள்ளைகள். பெனடிக்ட் சேர் அங்கே இருபது வருடத்துக்கு மேல் ஆங்கிலம் படிப்பித்தார். ஆசிரியர்கள் லீவுக் கடிதத்தை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்பது எங்களிடம் இருந்த வழக்கம். தமிழில் எழுதினால் மேலே கல்வி அலுவலகத்தில் வாசிக்க ஆளில்லை, சிங்களத்தில் எழுத எங்களில் பாதிப் பேருக்கு வராது என்று யாரோ ஒரு பழைய அதிபர் தொடங்கி வைத்தது. அந்தக் கடிதங்கள் அலுவலகக் கோப்புக்குப் போகும் முன் பெனடிக்ட் சேரின் கைக்குப் போகும். பிழை இருந்தால் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவார். அதோடு விட்டிருந்தால் நான் இன்று வேறு மாதிரி எழுதியிருப்பேன். வட்டம் போட்ட கடிதத்தைப் பிரதி எடுத்து, தாழ்வாரத்தில் இருந்த அறிவித்தல் பலகையில் குத்தி வைப்பார். பெயரை மறைக்க மாட்டார். ஒரு கிழமை, ஏழு நாளும், அது அங்கே தொங்கும்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் என்னுடைய கடிதம் தொங்கியது. வயிற்றுவலி என்று எழுதியிருந்தேன். 'சின்ஸ் டூ டேஸ்' என்று ஒரு வட்டம். வென்ஸ்டேயில் நடுவில் ஒளிந்திருக்கிற 'டி'யை விட்டுவிட்டேன் என்று ஒரு வட்டம். டுமாரோவுக்கு இரண்டு 'எம்' போட்டதற்கு வட்டமும் அடிக்கோடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதைச் சுற்றி நின்று வாசித்தார்கள். "சாந்தி டீச்சருக்கு வயித்துவலியாம்டா," என்று ஒருவன் சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். அன்று நான் அந்த வகுப்புக்கு வரலாறு எடுக்க வேண்டியிருந்தது. எடுத்தேன். எடுத்துவிட்டுக் கழிவறைக்குப் போய் அழுதேன். அவரை வெறுக்கத் தொடங்கியது அன்றுதான்.

அவர் சொன்னதெல்லாம் சரி. எரிச்சலே அதுதான். "வருத்தம் என்னைக்குத் தொடங்கிச்சோ அதுக்கு சின்ஸ். எத்தன நாளா இருக்கோ அதுக்கு ஃபோர். இது தெரியாதவங்களுக்கு எதுக்கு லீவு?" என்று கேட்பார். "டுமாரோவுக்கு எம் ஒண்ணு, ஆர் ரெண்டு. நாளைக்கு எழும்புவோமான்னு சந்தேகம் உள்ளவன்தான் மாத்தி எழுதுவான்," என்பார். வகுப்பில் இதைச் சொன்னபோது பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படித்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. இருக்கலாம். எங்களிடம் சொல்லும்போது அவர் சிரித்ததில்லை.

இதை ஆசிரியர்களோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. கொழுந்து எடுக்கிற ஒரு தாய், பெயர் ராசம்மா, ஆறாம் வகுப்பில் இருந்த மகளைக் கண் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வந்தாள். தோட்டத்துக் கிளாக்கர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த துண்டு ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். அன்று அதிபர் இல்லை. அவருடைய நாற்காலியில் பெனடிக்ட் சேர் இருந்தார். துண்டை வாசித்துவிட்டு, "இன்னைக்குப் போறதுக்கு 'நெக்ஸ்ட் வென்ஸ்டே'ன்னு எழுதியிருக்கு. எழுத்தும் பிழை. போயி ஒழுங்கா எழுதி வாங்கிட்டு வா," என்றார். எங்களுக்கு 'வாங்க'. அவளுக்கு 'வா'.

"எந்தக் கெழமையா இருந்தாலும் பஸ்ஸு போயிருங்க ஐயா," என்றாள் ராசம்மா.

"அத அந்தக் கிளாக்கர்ட்ட சொல்லு."

தோட்டத்து அலுவலகம் மலைக்கு அந்தப் பக்கம். அவள் போய்த் திரும்பி வந்தபோது பதுளை பஸ் போய்விட்டது. அடுத்த கிளினிக் வரும்வரை அந்தப் பிள்ளை மூன்று மாதம் கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் என் கரும்பலகையைப் பார்த்தது. நான் அந்த அறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்ததும் வகுப்புக்குப் போனேன்.

இனி என் பங்கைச் சொல்ல வேண்டும். பலகையில் தொங்கிய அவமானம் தாங்காமல் நான் பதுளையில் ஓர் ஆங்கில இலக்கணப் புத்தகம் வாங்கி, நாளையும் கிழமையையும் நேரத்தையும் எப்படி எழுதுவது என்று உட்கார்ந்து மனப்பாடம் செய்தேன். அடுத்த தடவை காய்ச்சல் வந்தபோது மூன்றே வசனம் எழுதினேன். எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், புதன்கிழமை வேலைக்குத் திரும்புவேன், தயவுசெய்து லீவு தரவும். அவ்வளவுதான். அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் முன்னால் தூக்கிக் காட்டினார். "இதப் பாருங்க. இப்புடி எழுதணும்," என்றார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வெறுக்கிற மனிதர் புகழ்ந்ததற்கு ஏன் அப்படிக் குளிர்ந்துபோனேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் ஆட்களுக்கே உரிய கூத்து. அந்தக் கடிதத்தை எல்லாரும் என்னிடம் இரவல் வாங்கினார்கள். பெயரையும் கிழமையையும் மாற்றினார்கள், வேறொரு சொல்லையும் தொடவில்லை. பல் பிடுங்கியவருக்கும் இரண்டு நாள் காய்ச்சல். வெலிமடையில் தங்கச்சி கல்யாணத்துக்குப் போனவருக்கும் இரண்டு நாள் காய்ச்சல். மகள் பெரியபிள்ளையான டீச்சருக்கும் அதே காய்ச்சல். வேறு எதையாவது எழுதினால் எப்போது தொடங்கியது, எத்தனை நாள், எதுவரை என்று எழுத வேண்டிவரும். வட்டம் விழும். பலகைக்குப் போகும். காய்ச்சலில் அந்த ஆபத்து இல்லை.

பலகை வெறுமையாகிவிட்டது. பெனடிக்ட் சேர் தன் ஆங்கிலம் வென்றுவிட்டது என்று நினைத்தார். ஒரு நாள் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் மலை ஏறி வந்து இறங்கினார். இந்தப் பாடசாலை ஆசிரியர்களுக்கு மாதாமாதம் காய்ச்சல் வருகிறதாம், டெங்குவாக இருக்குமோ என்று பார்த்து வரச் சொன்னார்களாம். தண்ணீர்த் தொட்டிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். கூரையின் மழைநீர்ப் பீலியில் ஏறிப் பார்த்தார். பூச்சாடிகளைக் கவிழ்த்தார். ஒரு புழுகூடக் கிடைக்கவில்லை. நாங்கள் ஆசிரியர் அறைக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். என் பக்கத்தில் நின்று அதிகம் சிரித்தவள் என் சிநேகிதி தவமணி.

பெனடிக்ட் சேர் மட்டும் ஒரு நாளும் லீவு எடுத்ததில்லை. இதைப் புகழ்ச்சியாக மற்றவர்கள் எழுதுவார்கள், எழுதட்டும். மண் சரிந்து பாதை மூடிய நாளில் பதுளையிலிருந்து பாதி வழி பஸ்ஸில் வந்து, மீதியை நடந்து வந்தார். மனைவியை அடக்கம் செய்த மறுநாள் கறுப்புக் கழுத்துப்பட்டியோடு வந்து ஒன்பதாம் வகுப்புக் கொப்பிகளைத் திருத்தினார். அன்று அவர் முகத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. ஆனால் இடைவேளையின்போது என் பக்கம் திரும்பி, "வீட்ல இருந்தா யாருக்கு லாபம் டீச்சர்?" என்று கேட்டார். வீட்டில் இருக்க நேர்ந்தவர்களை அவர் எப்படிப் பார்த்தார் என்பது எனக்கு அந்தக் கேள்வியில் தெரிந்தது. இரக்கப்பட வந்தவள் திரும்பித் தேத்தண்ணீரைக் குடித்தேன்.

தவமணி என்னோடு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படித்தவள். ஆரம்பப் பிரிவில் படிப்பித்தாள். லுணுகலையில் ஓர் அறை எடுத்து மகளோடு இருந்தாள், மகளும் எங்கள் பாடசாலையில்தான் படித்தாள். அவளுக்குச் சிறுநீரக வருத்தம் இருப்பது என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. பதுளையில் கிளினிக்குக்குப் போகும் ஒவ்வொரு தடவையும் அவள் கொடுத்தது என் கடிதத்தின் பிரதி. இரண்டு நாள் காய்ச்சல். அப்படிப் பதினொரு கடிதங்கள் கோப்பில் சேர்ந்திருந்தன. பிறகு வருத்தம் முற்றியது. கிழமையில் இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டிவரும், பதுளைப் பக்கமாக வந்துவிடுங்கள் என்று டாக்டர் சொன்னார். கிளினிக் கொப்பியின் பிரதியை வைத்து அவள் நகரப் பாடசாலை ஒன்றுக்கு இடமாற்றம் கேட்டாள்.

மேலிடத்திலிருந்து வந்த பதிலை அவள் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினாள். கிளினிக் போனதாகச் சொல்லும் திகதிகளில் எல்லாம் காய்ச்சல் என்று நீங்களே கைப்பட எழுதியிருக்கிறீர்கள். ஒன்றில் கொப்பி பொய், அல்லது கடிதம் பொய். விளக்கம் தரும்வரை இடமாற்றம் இல்லை. தவமணி தாளை மடித்தாள். "பஸ்ஸுல நிக்க முடியல சாந்தி. கால் ரெண்டும் வீங்கிப்போகுது," என்றாள்.

இருவரும் பெனடிக்ட் சேரிடம் போனோம். இடைவேளை நேரம். ஆசிரியர் அறையில் அவர் மட்டும் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். பலகைக்குப் பயந்து எல்லாரும் ஒரே கடிதத்தை எழுதினோம், இந்தப் பாடசாலையில் காய்ச்சல் என்று எழுதியதற்கு அர்த்தம் கிடையாது என்று அவர் ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அவர் எழுதினால் மேலே நம்புவார்கள்.

"காய்ச்சல்னு எழுதச் சொன்னது நானா?" என்று கேட்டார்.

"இல்லீங்க சேர்."

"நான் இங்கிலீசத் திருத்தினேன். வருத்தத்தத் திருத்தல. ஏன் டீச்சர், கிட்னின்னு எழுதியிருக்கலாந்தானே?"

தவமணி அவரைப் பார்த்தாள். "எழுதினா எப்ப இருந்து, எவ்வளவு காலமான்னு எழுதணும் சேர். பிழை வரும். நீங்க போர்டுல குத்துவீங்க. ஏ மக அந்த போர்டத் தாண்டித்தான் வகுப்புக்குப் போறா. அம்மா வருத்தம் அவளுக்குத் தெரியாது."

அவர் பேனாவை மூடினார். அந்த முகத்தில் ஏதாவது அசைகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். "நீங்க எழுதினது பொய். பொய்க்கு நான் கையெழுத்து வைக்க மாட்டேன்," என்றார். மணி அடித்தது. கொப்பிகளை அடுக்கி எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டார். அந்த நிமிடத்துக்காக நான் அவரை மன்னிக்கவில்லை. இனி மன்னிப்பதாகவும் இல்லை.

"அழாத. நான் எழுதுறேன். ஏ கடிதத்தப் பாத்துத்தான் எல்லாரும் எழுதினாங்கன்னு நானே எழுதுறேன்," என்று தவமணியிடம் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து மேசையில் உட்கார்ந்தேன். தவமணி எவ்வளவு காலமாக வருத்தத்தில் இருக்கிறாள் என்பது முதல் வசனம். எழுதினேன். வெட்டினேன். நடந்து முடிந்ததாக எழுதுவதா, இன்னும் நடப்பதாக எழுதுவதா என்று தெரியவில்லை. இலக்கணப் புத்தகத்தைப் புரட்டினேன். போன வருடம் முழுவதும் என்பதற்கு முன்னால் ஏதாவது போட வேண்டுமா வேண்டாமா. புதிய தாள் எடுத்தேன். அந்தக் கடிதம் மேலே போய், அங்கிருந்து பாடசாலைக்குத் திரும்பி, பெனடிக்ட் சேரின் கையில் விழும் என்று எனக்குத் தோன்றியது. அவர் பேனாவைத் திறப்பது எனக்குத் தெரிந்தது. மூன்று மணி ஆவதற்குள் பத்துப் பதினைந்து தாள் கிழித்திருந்தேன். சரி பார்த்துக் கொடுக்க எனக்குத் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். கடைசித் தாளையும் கிழித்து அடுப்பில் போட்டேன். தமிழில் எழுதி அனுப்பலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தமிழ் ஆசிரியர்களின் கோப்புகளைப் பார்க்க அப்போது மேலே ஒரு தமிழ் அதிகாரியே வந்திருந்தார், அது எனக்குத் தெரியும், இருந்தும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலையில் தவமணி வாசலிலேயே காத்திருந்தாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன்."

"அனுப்பிட்டியா?"

"ம். தபால்ல போட்டுட்டேன்."

சாயங்காலம் எப்படியாவது எழுதி அனுப்பிவிடலாம் என்று நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். சாயங்காலம் எழுதவில்லை. அடுத்த கிழமையும் எழுதவில்லை. ஆசிரியர் சங்கத்துக்காரர் ஒருவர் அவளை மேலிடத்துக்கு நேரில் கூட்டிப்போய்ப் பேசுவதாகச் சொன்னபோது, "சாந்தி எழுதியிருக்கா. அதுக்குப் பதில் வரட்டும். இடையில போயி நின்னா கோவிச்சுக்குவாங்க," என்று மறுத்துவிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பதில் வரவில்லையா என்று அவள் கேட்கும்போதெல்லாம் பெனடிக்ட் சேரைத் திட்டினேன். அவரைத் திட்டுவது சுலபமாக இருந்தது, எல்லாரும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு வருடத்துக்கு மேல் அவள் வீங்கிய காலோடு அந்தப் பஸ்ஸில் போய் வந்தாள். பிறகு ஒரு நாள் இடமாற்றம் வந்தது. ஏன் வந்தது, யார் பார்த்துக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நகரத்துக்குப் போன சில மாதங்களில் அவளால் படிப்பிக்கவே முடியாமல் போயிற்று. முன்னரே வந்திருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் தாங்கியிருக்கும் என்று டாக்டர் சொன்னதாக அவள்தான் என்னிடம் சொன்னாள், சாதாரணமாக, மழை வந்ததைச் சொல்வதுபோல.

பெனடிக்ட் சேரின் மரண வீட்டுக்கு அவளும் வந்திருந்தாள். மகள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று நீண்ட நேரம் கும்பிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இவரப் போயி எதுக்குக் கும்புடுற? ஒரு கடிதம் எழுதித் தர மாட்டேன்னவரு," என்று காதோடு சொன்னேன்.

"செத்தவரப் போயி ஏண்டி. அவரு எழுதாட்டி என்ன, நீ எழுதினியே. நீ எழுதலைன்னா நான் இன்னமும் அந்தப் பஸ்ஸுலதான் தொங்கிக்கிட்டு இருந்திருப்பேன்," என்று என் கையைப் பிடித்தாள். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கை.

நினைவு மலர் என்றால் அவரிடமிருந்து என்ன எடுத்து வைத்திருக்கிறோம் என்று சொல்லி முடிக்க வேண்டும். நான் எடுத்து வைத்திருப்பது பயம். அவர் கொடுத்ததுதான், ஆனால் இவ்வளவு காலம் பத்திரமாக வைத்திருந்தது நான். அவர் எனக்குப் பிடிக்காத மனிதர். இரக்கமில்லாதவர். கடைசிவரை அப்படித்தான் இருந்தார். ஆனால் மாட்டேன் என்பதை முகத்துக்கு நேரே சொன்னார். அதனால் தவமணி அவரை நம்பி ஒரு நாள்கூடக் காத்திருக்கவில்லை. என்னை நம்பித்தான் ஒரு வருடம் காத்திருந்தாள்.

தவமணி, இந்த மலர் உன் கைக்கும் வரும். நான் அந்தக் கடிதத்தை அனுப்பவில்லை.